விரும்பினதைக் குடுங்கோ

சறோஜினிதேவியின் தயிரைச் சாப்பிட்டு வயிறு கெட்டுப்போன ஒருவரை இறுப்பிட்டியில் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. வயிறு சுகமானவர்கள்தான் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நாலு பேர் இருந்தார்கள். பல்லுக்கோ சலக்கடுப்புக்கோ அன்டிபயோட்டிக் குளிசை விழுங்கிவிட்டு, ஐந்தாம் நாள் வீட்டுக்கும் கக்கூசுக்குமாக ஓடித் திரிகிறவர்கள் கடைசியில் அவளுடைய படலைக்குத்தான் வருவார்கள். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு செம்பு மோரும், அவர்கள் தங்கள் வீட்டிலேயே பால் தோய்ப்பதற்கு ஒரு கரண்டி உறைமோரும் கொடுத்து அனுப்புவாள். விளக்கு வைத்தபிறகு மட்டும் கேட்கக்கூடாது. அந்த நேரத்தில் பிரதேச செயலாளரே வந்து நின்றாலும் உறைமோர் கிடைக்காது.

களை புடுங்கப் போன குளிசை பயிரையும் சேர்த்துப் புடுங்கிப்போட்டது, திரும்ப நடவேண்டும் என்பது அவளுடைய விளக்கம். கனடாவில் இருக்கும் மகள் பிரியவதனி அதையே படித்த மாதிரிச் சொல்வாள். குடலுக்குள் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் இருக்கின்றனவாம். சாப்பாடு செமிக்க உதவுவதும் அவைதானாம். உடம்பின் நோய் எதிர்ப்புப் படையில் பெரும்பங்கு குடலைச் சுற்றித்தான் நிற்கிறதாம், அதற்குப் பயிற்சி கொடுப்பதும் அந்தக் கிருமிகள்தானாம். அங்கே அவற்றை உறைக்குளிசையாக்கி விற்கிறார்கள் என்று ஒருநாள் வீடியோவில் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஐம்பது பில்லியன் என்று எழுதியிருந்தது. யார் இருந்து எண்ணினது என்று தாய் கேட்க, மகள் சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டுவிட்டாள்.

சறோஜினிதேவியின் புருஷன் குலசிங்கம் தோட்டக்காரர். சொன்ன சொல்லைத் தாண்டாத மனுஷன் என்று ஊரில் பெயர், அந்தப் பெயரில் பாதி பகிடி. இருபத்திரண்டு வயதில் அவருக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செங்கமாரி வந்தது. நாரந்தனையில் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் உப்பில்லாப் பத்தியம் வைத்துவிட்டு, தான் வந்து முறிக்கும்வரை உப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிப்போட்டுக் கதிர்காமத்துக்குப் போய்விட்டார். போனவர் அங்கே காய்ச்சலில் படுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பினார். குலசிங்கத்தின் வருத்தம் பத்தாம் நாளே மாறிவிட்டது. ஆனாலும் மனுஷன் இரண்டு மாதமும் உப்பில்லாத சோற்றையே விழுங்கிக்கொண்டிருந்தார். பத்தியம் வைத்தவர்தான் முறிக்கவேண்டும், நாங்களாக முறிக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். கலியாணத்துக்குப் பிறகு கறியில் உப்புக் குறைந்தால் சறோஜினிதேவி மன்னிப்புக் கேட்கமாட்டாள். உங்களுக்குப் பழக்கம்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

போன வருஷம் பங்குனியில் அவளுக்குச் சூலகத்தில் புற்றுநோய் என்று சொன்னார்கள். ஊரின் வயிற்றை எல்லாம் பார்த்தவளின் வயிற்றுக்குள் அது எப்போது வந்து குடியிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று கிழமைக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குப் போய் மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். பிரியவதனி அடுத்த நாளே அந்தப் போத்தல்களில் இரண்டை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். மருந்து ஏற்றினால் வயிறு கெடும், நோய் எதிர்ப்புச் சக்தி இறங்கும், இதைக் கொடுங்கள், அம்மாவின் தயிரையும் விடாமல் கொடுங்கள் என்று தகப்பனுக்கு நாளுக்கு இரண்டு தரம் போனில் சொன்னாள்.

குலசிங்கம் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பக்கத்து வீட்டுச் சிவரூபியும் துணைக்கு வந்தாள். டொக்டர் ஒரு இளம் பெண். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுகமாக இருக்கிறவர்களுக்கு இதில் பெரிதாகக் கெடுதி இல்லை, தயிர் என்றால் இன்னும் நல்லது என்றாள். பிறகு அவர்கள் இரண்டு பேரையும் பார்த்து ஆறுதலாகச் சொன்னாள்.

"ஆனா அம்மாவுக்கு இப்ப வேண்டாம். மருந்து ஏத்தினா ரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்கள் குறைஞ்சுபோகும். நல்ல கிருமியும் கிருமிதான் ஐயா. உடம்பில காவல் இருக்கேக்க அது விருந்தாளி. காவல் இல்லாத நேரம் ரத்தத்துக்குள்ள போயிட்டா ஆபத்து. தயிர், மோர், பழஞ்சோறு, பச்சையாச் சாப்பிடுறது ஒண்டும் நான் சொல்லும்வரைக்கும் குடுக்கவேண்டாம்."

பழஞ்சோறு என்ற சொல்லைக் கேட்டதும் சறோஜினிதேவி சிரித்துவிட்டாள். அவளுடைய காலைச் சாப்பாடே அதுதான். முதல்நாள் சோற்றில் தண்ணீர் விட்டு வைத்து, விடிய அதைப் பிழிந்து, தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் குழைத்து, உருண்டையாக உருட்டிப் புருஷனின் கையில் ஒன்று, தன் வாயில் ஒன்று. நாற்பது வருஷம் அந்த வீட்டில் விடிந்தது அப்படித்தான். திரும்பி வரும்போது, பஸ் கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் ஏறியதும், நல்ல ஆளிட்டைத்தான் டொக்டர் பத்தியத்தைச் சொல்லியிருக்கிறா என்று சிவரூபியிடம் சொன்னாள். குலசிங்கத்துக்கு அது பகிடியாகப் படவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு வேலை கிடைத்தது என்ற ஆறுதல்தான் அவருக்கு வந்தது.

அன்று தொடங்கிய பத்தியத்தை அவர் பிடித்த பிடியை என்னவென்று சொல்வது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தார். கீரையைக் கூழாகும்வரை அவித்தார். கோயிலிலிருந்து வந்த பஞ்சாமிர்தத்தைக்கூட, அம்மாளாச்சி குறை நினைக்கமாட்டா என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். தானும் தயிரை விட்டார். அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிட மனம் வரவில்லை, ஒளித்துச் சாப்பிடவும் தெரியாது.

ஆனால் பால் தோய்ப்பதை மட்டும் அவர் விடவில்லை. உறைமோர் ஒருநாள் தவறினாலும் செத்துப்போகும், பத்தியம் முறிகிற அன்று அவள் முதலில் கேட்கப்போவது தன்னுடைய தயிரைத்தான் என்று அவருக்குத் தெரியும். பின்னேரத்தில் வீட்டுப் பசு சிவப்பியில் பாலைக் கறந்து, காய்ச்சி, விரல் வைத்துப் பார்த்து, ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடுவார். முதல் கிழமை சூடு கூடித் தயிர் திரைந்துபோனது. அவள் கட்டிலில் இருந்தபடியே, விரல் பத்து எண்ணும்வரை தாங்கவேண்டும் என்று பாடம் எடுத்தாள். காலையில் ஒரு கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு முட்டியோடு சிவரூபி வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். யாரும் சாப்பிடாத வீட்டில் நாள்தோறும் தயிர் உறைந்தது.

சறோஜினிதேவியின் வேலை நாள் பார்ப்பது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கிளினிக் கொப்பி எப்போதும் அவளுடைய கைப்பைக்குள் இருக்கும். ஒவ்வொரு முறையும் டொக்டர் அதன் அடியில் அடுத்த திகதியை எழுதுவாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக சறோஜினிதேவி குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போடுவாள். பிறகு குலசிங்கம் அந்த வட்டத்தை நோக்கி நாட்களைத் தள்ளிக்கொண்டு போவார். ஆறு வட்டம் அப்படிப் போனது. தலைமயிர் போனது, நகம் கறுத்தது, வாய் அவிந்தது, ஆனால் மனுஷிக்கு நாக்கு மட்டும் பழையபடி இருந்தது.

ஆறாவது மருந்துக்குப் பிறகு ஸ்கான் படம் எடுத்துப் பார்த்தார்கள். டொக்டர் சறோஜினிதேவியை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுக் குலசிங்கத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அவளுக்கும் அதைச் சொல்ல விருப்பமில்லை என்பது தெரிந்தது. நோய் ஈரலுக்கும் போய்விட்டது, இனி மருந்து ஏற்றினால் உபத்திரவம்தான் மிச்சம், வலிக்கு மருந்து தருகிறேன், வீட்டில் வைத்து நன்றாகப் பாருங்கள் என்றாள். பிறகு, "அவ விரும்பினதைக் குடுங்கோ ஐயா," என்றாள்.

டொக்டர் நீட்டிய கொப்பியைக் குலசிங்கம் வாங்கினார். "தயிரும் குடுக்கலாமோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா. தயிரும் குடுக்கலாம்."

எங்கள் தீவுகளில் விரும்பினதைக் குடுங்கோ என்று டொக்டர் சொன்னால் அதற்கு ஒரே கருத்துத்தான். சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும். அந்தச் சொல்லோடு வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஊர் என்னென்ன சமைத்துக் கொண்டுபோனது என்பது எல்லோருக்கும் தெரியும், அவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள் என்பதும் தெரியும். குலசிங்கம் வாங்கை நோக்கி நடந்த அந்த இருபது அடிக்குள் ஒரு கணக்குப் போட்டார். தயிரைக் கொடுத்தால் இவளுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிடும். பத்தியம் இருக்கும்வரைதான் சுகம் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும். ஆகவே, வாழ்க்கையில் முதல் தடவையாக, முறிந்த பத்தியத்தை முறியவில்லை என்று சொன்னார்.

"டொக்டர் என்ன சொன்னவ?" என்று அவள் கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு மருந்து வேண்டாமாம், உடம்பு தேறட்டுமாம். பத்தியம் இன்னும் விடேல்லை."

அவள் கையை நீட்டினாள். கொப்பியை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் சிவரூபிக்குப் பக்கத்தில் இருந்தாள், குலசிங்கம் முன் ஆசனத்தில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனபோது, கலண்டரில் இருபத்தேழாம் திகதியைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு மூச்சு வந்தது. நம்பிவிட்டாள் என்று நினைத்தார். அந்தத் திகதி எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்குத் தோன்றவேயில்லை. நிம்மதி வந்தால் மனுஷருக்குக் கண் தெரியாது.

அடுத்த கிழமைகளில் அவள் சுருங்கிக்கொண்டு போனாள். கஞ்சி இரண்டு கரண்டி, தேத்தண்ணி ஒரு வாய். எதை வைத்தாலும் மணக்குது என்று முகத்தைத் திருப்பினாள். ஒருநாள் காலை குலசிங்கம் தயிர் முட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலைக் கடந்தபோது அவள் கூப்பிட்டாள். முட்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். ஏட்டைப் பார்த்துவிட்டு, இப்ப நல்லாப் பழகீட்டீங்கள் என்றாள். பிறகு அவருடைய கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ. ஒரேயொரு உருண்டை பழஞ்சோறு குழைச்சுத் தாறீங்களோ? சின்னனா. வாயில ருசி ஒண்டுமில்லை, அது எண்டா இறங்கும்."

குலசிங்கம் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரவுச் சோறு தண்ணீரில் கிடந்தது, தயிர் கையில் இருந்தது, எடுத்துக் குழைப்பதற்கு மூன்று நிமிஷம் போதும். கொடுத்துவிட்டால் அவள் என்னைப் பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று நினைத்தார். பயந்த மனுஷன். அன்பு இல்லாமல் இல்லை, அன்புதான் பயமாகிவிட்டது.

"பத்தியம் விடட்டும் சறோ. டொக்டர் சொல்லட்டும்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள். "ஓம். வைச்சவைதான் முறிக்கவேணும்," என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவர் முட்டியைக் கொண்டுபோய்ச் சிவரூபியிடம் கொடுத்துவிட்டு, மாட்டுக் கொட்டிலுக்குள் போய் நின்று அழுதார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை காலை, வெயில் முற்றத்துக்கு வந்த நேரம் சறோஜினிதேவி போய்விட்டாள். கொதித்தாறின தண்ணீரில் ஒரு கரண்டிதான் கடைசியாக இறங்கியது.

பிரியவதனி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாள், தாயின் முகத்தைக் கண்டாள், எல்லாம் முடிந்தது. செத்தவீட்டில் அடுப்பு எரியாது. சாப்பாடு அயலிலிருந்து வந்தது, மாட்டைச் சிவரூபியின் புருஷன் கறந்தான். உறைமோரைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. குலசிங்கம் ஒருமுறை குசினிக்குள் போய்க் காய்ந்துபோன முட்டியைப் பார்த்தார். அதுவும் போச்சு என்று நினைத்தாரே தவிர, கவலைப்பட அவரிடம் இடம் இருக்கவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு முதல்நாள் பிரியவதனி பிரிஜ்ஜைத் துடைத்தாள். கதவுத் தட்டில் அவள் அனுப்பிய இரண்டு போத்தலும் முத்திரை உடைக்காமல் இருந்தன. அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கலண்டர் தெரிந்தது.

"அப்பா, இருபத்தேழாம் திகதி அம்மாவுக்குக் கிளினிக் இருந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேணும் என்ன?"

தொலைபேசி இலக்கத்தைத் தேடித் தாயின் கைப்பையைத் திறந்து கொப்பியை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள், முன் பக்கத்தைப் புரட்டினாள், திரும்பக் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். இதில் திகதி ஒன்றும் இல்லையே என்றாள். குலசிங்கம் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டொக்டரின் கையெழுத்தில் அடுத்த திகதி இருந்தது. கடைசிப் பக்கத்தில் இங்கிலீசில் இரண்டு வரி. அடி வெறுமையாகக் கிடந்தது. அப்போதுதான் அந்தக் கைப்பை எப்போதும் யாருடைய மடியில் இருந்தது என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது.

வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சிவரூபி கத்தியை வைத்தாள். இனியும் சொல்லாமல் இருக்க அவளுக்கு ஏலவில்லை.

"அக்காவுக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்கு பஸ்ஸிலயே கொப்பியைத் திறந்து பாத்தவ. திகதி இல்லையெண்டதைக் கண்டவ. வீட்டை வந்து பேனையை எடுத்துக்கொண்டு, ஒரு திகதி சொல்லடி எண்டு என்னட்டைக் கேட்டவ. நான் ஒண்டும் விளங்காமல் இருபத்தேழு எண்டனான்."

குலசிங்கம் கொப்பியைத் திரும்பத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். பிரியவதனிக்கு ஒன்றும் விளங்கவில்லை, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியென்றால் எல்லாம் தெரிந்துகொண்டுதானா என்னிடம் பழஞ்சோறு கேட்டாள் என்று குலசிங்கம் கேட்க வாயெடுத்தார். சிவரூபி கேட்காததற்கும் பதில் சொன்னாள்.

"ஒருக்காக் கேட்டுப் பாத்தவவாம். உங்கட முகம் போன போக்கில பிறகு விட்டுட்டா. நான் ஒளிச்சுக் கொண்டந்து தாறன் எண்டு சொன்னனான் அண்ணை. வேண்டாமெண்டவ. அந்த மனுசன் பத்தியத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பி நடக்குது, அதை நான் முறிக்கமாட்டன் எண்டவ. அவர் தன்ர கையால தந்தாச் சாப்பிடுறன் எண்டவ."

அவர் தன்ர கையால தந்தால். அந்தச் சொல் வந்து விழுந்த இடத்தில் குலசிங்கம் அன்று முழுக்க இருந்தார். அவள் அறியக்கூடாது என்று அவர் பட்டினி போட்டார். அவர் உடையக்கூடாது என்று அவள் பட்டினி கிடந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாள்தோறும் தயிர் உறைந்துகொண்டிருந்தது. பொழுதுபடுகிற நேரம் எழும்பிச் சிவரூபியின் படலைக்குப் போனார். உங்கள் வீட்டில் ஒரு பிடி சோற்றைத் தண்ணீர் விட்டு வைக்க முடியுமா என்று கேட்டார். தயிருக்கு எங்கே போவேன், எங்கள் உறைமோர் செத்துப்போச்சு என்றார்.

சிவரூபி அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் ஒரு சட்டியைத் திறந்து காட்டினாள். அக்கா போன அன்று காலையில் அவர் கொடுத்த முட்டியில் இருந்தே உறைமோர் எடுத்து வைத்தாளாம். சிவப்பியின் பாலில் நாள்தோறும் தோய்த்துக்கொண்டு வந்தாளாம். ஏடு வெள்ளையாக, கட்டியாக இருந்தது. குலசிங்கம் கேட்காமலே ஒரு கிண்ணத்தில் தயிரை எடுத்தாள். விளக்கு வைத்து நேரமாகிவிட்டது, அதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

எட்டுச்செலவு வீட்டில் படையலுக்குக் குறைவில்லை. செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். மீன் குழம்பு, நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், வடை என்று பெண்கள் வாழையிலையை நிரப்பினார்கள். குலசிங்கம் பின்னால் போய்க் கையைக் கழுவினார். சிவரூபி தந்த சோற்றைப் பிழிந்தார். தயிரை விட்டு, வெங்காயத்தையும் மிளகாயையும் கிள்ளிப் போட்டுக் குழைத்தார். ஐந்தாறு மாதம் தொடாத கை, ஆனால் மறக்கவில்லை. சின்னதாக ஓர் உருண்டை உருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். பழஞ்சோற்றையும் படைப்பார்களோ, இப்படி எங்கேயும் நடந்ததோ என்று பெரியம்மா முறையான ஒருவர் மறித்தார். பிரியவதனி அந்தப் பெரியம்மாவின் கையைப் பிடித்து இருத்தினாள்.

குலசிங்கம் இலையில் இருந்ததை ஒதுக்கி நடுவில் உருண்டையை வைத்தார். படத்தில் சறோஜினிதேவி, மகளின் கலியாண வீட்டில் எடுத்தது, பகிடி ஒன்றைச் சொல்லி முடித்த முகத்தோடு இருந்தாள். அவர் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை.

"சாப்பிடும் சறோ," என்றார். "டொக்டர் அண்டைக்கே சொல்லிப்போட்டா."